தேவதாஸ் பாட்டுக்கு என்ன அர்த்தம்?

ராத்திரி 11 மணி. தாராவியில் எங்கள் அறை. பத்துக்குப் பன்னிரண்டு அடி, ஏழு பேர். ஷிப்டு மாறி மாறி வருவதால் ஒரே நேரத்தில் படுக்கிறவர்கள் ஐந்து பேர்தான். விளக்கை அணைத்தாயிற்று. மூலையில் விரித்த பாயிலிருந்து மெல்லிய குரல் ஒன்று கிளம்புகிறது. 1953-ல் வந்த "தேவதாஸ்" படப் பாட்டு. பாடுகிறவர் கண்டசாலா. செல்போனைக் காதோடு வைத்துக் கேட்கிறவன் 22 வயதுத் தம்பி.

"காலையில அஞ்சரைக்கு டூட்டி. யாராச்சும் அதை நிப்பாட்டுங்கப்பா" என்று ஒருவர் முனகுவார். சத்தம் குறையும், பாட்டு நிற்காது. முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

இப்படியே மூன்று வாரம்.

தம்பிக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். இங்கே தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. மாமன் மகளைக் கட்டிக்கொள்வதற்காகவே காசு சேர்க்க மும்பை வந்தவன். அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் நிச்சயம் ஆகிவிட்டது என்று ஊரிலிருந்து போன் வந்தது. அன்றைக்குத் தொடங்கியது பாட்டு. கூடவே குடியும்.

ஒருநாள் அவன் என்னைக் கேட்டான்:

"அண்ணே, நீங்கதான் பேப்பருக்கெல்லாம் எழுதுதீகளே. இந்தப் பாட்டுல சொல்றது நெசந்தானே? எல்லாமே பொய்தானே?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நான் பத்தாவது வரை படித்தவன். ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா. மூட்டையை எடை போட்டு ரசீது எழுதுகிறவனிடம் பாட்டை எடை போடச் சொன்னால் எப்படி? ஆனாலும் கேள்வி என்னை விடவில்லை. கதையைத் தேடிப் படித்தேன். படங்களை மறுபடி பார்த்தேன். இந்திப் பாட்டின் வார்த்தைகளை ஆபீசில் கூட வேலை பார்க்கும் உத்தரப்பிரதேசத்துக்காரர் ஒருவரிடம் வரி வரியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நான் கண்ட விடையை இங்கே எழுதுகிறேன். தம்பியிடம் அனுமதி வாங்கியாயிற்று. "பேரு மட்டும் வேண்டாம் அண்ணே" என்றான். அதனால் பெயர் இல்லை.

ஒரு குமாஸ்தாவின் கதை

தேவதாஸ் கதையை எழுதியவர் வங்க எழுத்தாளர் சரத் சந்திரர். இளம் வயதில் எழுதினார். புத்தகமாக வெளிவந்தது 1917-ல். இடையில் அவர் என்ன செய்தார் தெரியுமா? பிழைப்புத் தேடி 1903-ல் பர்மா போனார். ரங்கூனில் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா வேலை பார்த்தார். 1916-ல்தான் திரும்பினார். ஊரை விட்டு வந்து கணக்கு எழுதிப் பிழைக்கிற நம்மைப் போன்ற ஒருவர்தான் அவரும்.

1935-ல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸ் இந்தியில் தேவதாசை எடுத்தது. பரூவா டைரக்டர். தேவதாசாக நடித்துப் பாடியவர் கே. எல். சைகால். அவரும் சினிமாவுக்கு வருமுன் ரயில்வேயில் டைம் கீப்பராக இருந்தவர். பிறகு டைப்ரைட்டர் விற்றவர். 1930-களில் வந்த தமிழ் தேவதாசிலும் அவர் தமிழில் பாடியிருக்கிறார்.

1935-ம் ஆண்டுப் படத்துக்குக் கேமராமேனாக இருந்த பிமல் ராய், 20 ஆண்டு கழித்து, 1955-ல், திலீப்குமாரை வைத்து அதே கதையைத் தாமே டைரக்ட் செய்தார். அதற்கு இரண்டு ஆண்டு முந்தியதுதான் நாகேஸ்வரராவ், சாவித்திரி நடித்த நம் தேவதாஸ். 2002-ல் ஷாருக்கான் நடித்தார். நூறு ஆண்டாக ஒரே மனிதன் திரும்பத் திரும்பக் குடித்துச் சாகிறான். நூறு ஆண்டாக நாமும் அழுகிறோம்.

சொல் ஒன்று, சொல்பவர் இரண்டு

தம்பி கேட்கும் தமிழ்ப் பாட்டின் சாரம் இதுதான்: இந்த உலகம் நிலையில்லாதது, இதில் உண்மையென்று நம்ப எதுவும் இல்லை. கையில் பாட்டிலோடு, கண் சொருகி, தேவதாஸ் இதைப் பாடுகிறான்.

கேட்டவுடனே மனசுக்குள் இறங்குகிறதே, ஏன்? நமக்கு இது பழகிய பேச்சு. சித்தர்கள் சொன்னது, பட்டினத்தார் சொன்னது, ஊரில் சாவு வீட்டில் விடிய விடியப் பாடுகிறவர்கள் சொன்னது. தாத்தா பாட்டி காலத்திலிருந்து காதில் விழுந்த ஞானப் பேச்சு. ஆகவே தேவதாஸ் பாடும்போது ஒரு குடிகாரன் பாடுவதாக நமக்குத் தோன்றுவதில்லை. ஒரு ஞானி பாடுவதாகத் தோன்றுகிறது. அங்கேதான் ஏமாறுகிறோம்.

பட்டினத்தார் பெரும் செல்வர். எல்லாம் பொய் என்றார். சொன்னபடி எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கோவணத்தோடு புறப்பட்டார். தேவதாசும் எல்லாம் பொய் என்கிறான். ஆனால் எதை விட்டான்? அவளையும் விடவில்லை, பாட்டிலையும் விடவில்லை. ஆசையைத் துறந்தவன் சொல்வதும் ஆசை கைகூடாதவன் சொல்வதும் ஒரே வார்த்தையாக இருக்கலாம். பொருள் ஒன்றல்ல. முதலாமவருக்கு அது கண்டுபிடித்த உண்மை. இரண்டாமவனுக்கு அது வலி. வலிக்கிறவன் "ஐயோ, செத்தேன்" என்பான். அதைக் கேட்டுப் பாடை கட்டுவோமா?

பாட்டு சொல்லாமல் விட்டது

கதையைப் படித்தால் இன்னொரு சங்கதி தெரியும். பாட்டைக் கேட்கிறவன் "பாவம், காதலைப் பறிகொடுத்தவன்" என்று நினைக்கிறான். யாரும் பறிக்கவில்லை. கைக்கு வந்ததை அவனே நழுவவிட்டான்.

பார்வதி பக்கத்து வீட்டுப் பெண். பெரியவர்கள் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொன்ன பிறகு, மானத்தையும் பாராமல், நடு ராத்திரியில் அவன் அறைக்கே வந்து தன்னை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டாள். அந்தக் காலத்தில் ஒரு பெண் அப்படிச் செய்ய எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! தேவதாஸ் அப்பா அம்மாவின் எதிர்ப்பைச் சொல்லித் தயங்கினான். பிறகு கல்கத்தா போய், உன்மேல் அப்படியொன்றும் பெரிய காதல் இல்லை என்கிற மாதிரி ஒரு கடிதமும் போட்டான். தபாலில் சேர்த்த பிறகு மனம் துடித்து ஓடி வந்தான். அதற்குள் அவள் மனம் கல்லாகிவிட்டது.

எங்கள் பார்சல் ஆபீசில் ஒரு விதி உண்டு. வந்து சேர்ந்த பார்சலை உரிய நேரத்துக்குள் எடுக்காவிட்டால் வார்ஃபேஜ் ஏறும். தாமதித்தவர்தான் கட்ட வேண்டும். தேவதாஸ் ஆயுள் முழுக்கக் கட்டியது அந்த வார்ஃபேஜ்தான்.

1955 இந்திப் படத்தில் சாஹிர் லுதியான்வி எழுதி, தலத் மஹமூத் பாடிய பாட்டு ஒன்று உண்டு. எஸ். டி. பர்மன் இசை. இப்படியும் நாள் வரும் என்று யார் கண்டார் என்று அந்தப் பாட்டில் தேவதாஸ் கேட்கிறான். உத்தரப்பிரதேசத்து நண்பர் பொருள் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கோ வேறொன்று தோன்றியது. யார் கண்டார் என்கிறானே, பார்வதி கண்டாளே! அதற்காகத்தானே ராத்திரி நடந்து வந்தாள்? பாட்டில் குற்றவாளி விதி. கதையில் குற்றவாளி, பேச வேண்டிய நேரத்தில் திறக்காத வாய்.

இன்னொன்றும் பாருங்கள். துக்கம் தேவதாசுக்கு மட்டுமா? பார்வதி வயதில் மூத்த, முதல் தாரத்தை இழந்த ஜமீன்தாருக்கு வாழ்க்கைப்பட்டாள். வளர்ந்த பிள்ளைகளுக்குத் தாயானாள். பெரிய குடும்பத்தைக் கட்டி ஆண்டாள். சந்திரமுகி தன் பழைய தொழிலையே உதறிவிட்டுக் கிராமத்துக்குப் போய் எளிமையாக வாழ்ந்தாள். இரண்டு பெண்களுக்கும் அவனைவிடக் குறைந்த துக்கமில்லை. இருந்தும் வாழ்ந்தார்கள். நாம் மட்டும் நூறு ஆண்டாக அவனுக்கே இசைத்தட்டு போடுகிறோம்.

பாட்டு எழுதியவர்கள் யார்?

சோகப் பாட்டைச் சோகத்தில் கிடந்தவர்கள் உண்டாக்குவதில்லை. தமிழ் தேவதாசின் பாட்டுகளில் உடுமலை நாராயண கவியின் பங்கு பெரிது. அவர் யார்? பகுத்தறிவுக் கருத்துகளைப் பாட்டில் சொன்னவர். கலைவாணர் என்.எஸ்.கே.க்காக நையாண்டிப் பாட்டுகள் எழுதி ஜனங்களைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்தவர். அவரே குடிகாரனின் புலம்பலையும் எழுதினார். தம் நெஞ்சைச் சொன்னாரா? இல்லை. பாத்திரத்தின் நெஞ்சைச் சொன்னார்.

இசை சி. ஆர். சுப்பராமன். படம் வருமுன்பே, 1952-ல், இளம் வயதில் காலமானார். மீதி வேலையை அவரிடம் உதவியாளர்களாக இருந்த விஸ்வநாதன் - ராமமூர்த்தி முடித்துக் கொடுத்தார்கள். ஆசானை இழந்த துக்கத்திலும் ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள். நாகேஸ்வரராவ் குடித்துவிட்டு நடிக்கவில்லை; ராத்திரியில் படப்பிடிப்பு வைத்து, தூக்கம் சொக்கிய கண்களையே போதைக் கண்களாகக் காட்டினார்கள் என்று சொல்வதுண்டு. வேலை தெரிந்தவர்கள் கண் விழித்துச் செய்த வேலை அந்தப் பாட்டு.

சைகால் கதைதான் வேறு. குடி அவரை விடவில்லை. 1947 ஜனவரியில் இறந்தபோது அவருக்கு வயது 42. அந்தக் குரல் இன்னும் எத்தனை பாடியிருக்கும்! அவர் சாவினால் பாட்டு உயரவில்லை. வர வேண்டிய பாட்டுகள் வராமல் போயின. அவ்வளவுதான்.

பாங்கன் எங்கே?

பள்ளியில் தமிழ் ஐயா குறுந்தொகை நடத்தியபோது "பாங்கன்" என்று ஒருவனைப் பற்றிச் சொன்னார். பாங்கன் என்றால் தலைவனின் தோழன். தலைவன் காதலில் உருகி உடைந்து நிற்கும்போது பாங்கன் சும்மா இருக்க மாட்டான். "ஒரு பெண்ணுக்காக உன் பெருமையெல்லாம் இப்படிக் கரைவதா?" என்று இடித்துரைப்பான். அதற்குக் கழறல் என்று பெயர். தலைவன் பதில் சொல்வான்.

அப்படிப்பட்ட பதில் ஒன்றை வெள்ளிவீதியார் பாடியிருக்கிறார். குறுந்தொகையில் 58-வது பாட்டு. வெயிலில் காய்ந்த பாறைமேல் வெண்ணெய் உருகுகிறது. காவலுக்கு இருப்பவனுக்குக் கையும் இல்லை, பேச்சும் இல்லை. உருகுவதைப் பார்க்கத்தான் முடியும். எடுக்கவும் முடியாது, யாரையும் கூப்பிடவும் முடியாது. என் நிலைமை அப்படி என்கிறான் தலைவன்.

காதலில் நொந்தவன் நிலையை இதைவிட யார் சொல்ல முடியும்? ஆனால் நாம் கவனிக்க வேண்டியது, அவன் அதைத் தன்னை இடித்துரைக்கும் தோழரைப் பார்த்துச் சொல்கிறான் என்பதை. சங்கப் பாட்டில் நொந்தவன் எதிரே ஓர் ஆள் நிற்கிறான். அந்த ஆளுக்குக் கை இருக்கிறது, வாய் இருக்கிறது.

தேவதாசுக்கு அந்த ஆள் இல்லை. இருந்தவன் சுன்னிலால். துக்கத்துக்கு மருந்து என்று தாசி வீட்டைக் காட்டியவன் அவன். பிமல் ராய் படத்தில், குடித்தால் உயிர் போய்விடும் என்ற நிலையில் தேவதாஸ் ரயிலில் போகும்போது, அவன் வந்து நட்பின் பேரால் மறுபடி கிளாசை நீட்டுவான். அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் அறைகள் ஞாபகம் வரும். "விடுடா மாப்ளே, ஒரு குவார்ட்டர் போட்டா சரியாயிரும்" என்று சொல்கிறவன் எல்லா அறையிலும் ஒருவன் உண்டு. நல்லவன்தான், அவன் நோக்கமும் நல்லதுதான். ஆனால் அவன் பாங்கன் அல்ல.

பிளாட்பாரத்தில் ஒரு ராத்திரி

இதையெல்லாம் நான் படித்துக்கொண்டிருந்தபோது, ஒருநாள் ராத்திரி 12 மணிக்குத் தம்பியின் பாய் காலி. போன் மட்டும் தலைமாட்டில் கிடந்தது.

நானும் அறையில் மூத்தவரான அண்ணாச்சியும் ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். பக்கத்து ஸ்டேஷனில், பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தான். ரயில்வேயில் வேலை பார்க்கிறவனுக்கு, அந்த இடத்தில் அந்த நேரத்தில் ஒருவன் அப்படி உட்கார்ந்திருந்தால் வயிற்றைப் பிசையும். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சும்மா காத்தாட வந்தேன் அண்ணே" என்றான்.

நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். "தம்பி, செத்துப் போகலாம்னு நினைப்பு வந்துச்சா?"

ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு தலையை மட்டும் அசைத்தான்.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். பட்டினத்தார், பார்வதி, வார்ஃபேஜ், எல்லாவற்றையும். "தேவதாஸ் நேரத்துக்கு வாயைத் தொறக்கல. அதுக்குத்தான் அவ்வளவும் அனுபவிச்சான்" என்றேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"நான் கேட்டேனே அண்ணே! மாமா வீட்டுக்குப் போயி, எல்லாரும் இருக்கையில, பொண்ணைத் தாங்கன்னு கேட்டேனே. இல்லைன்னுட்டாங்க. அப்போ என் மேல என்ன தப்பு?"

எனக்குச் சாட்டையடி பட்டது போல் இருந்தது. இத்தனை நாள் நான் தேவதாசுக்குப் பொருள் தேடினேனே தவிர, இவனை ஒருநாள் கூட என்ன நடந்தது என்று கேட்கவில்லை. பாட்டு புரிந்தது, பக்கத்துப் பாய் புரியவில்லை.

பிறகுதான் எனக்கு வாய் வந்தது. "உன் மேல தப்பே இல்லப்பா. அவன் கேட்காம விட்டவன், நீ கேட்டவன். அவன் வேற, நீ வேற. அப்புறம் அவன் பாட்டு உனக்கு எதுக்கு?"

தம்பி சிரித்தான். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. அழட்டும் என்று விட்டேன். அண்ணாச்சி வந்து சேர்ந்தார். ஒன்றும் பேசாமல் அவன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

விடிந்ததும் அவன் அம்மாவிடம் போனில் பேச வைத்தோம். அடுத்த நாள் அண்ணாச்சி லீவு போட்டு மாநகராட்சி ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் கூட்டிப் போனார். "எனக்கென்ன பைத்தியமா?" என்று வழியெல்லாம் கேட்டிருக்கிறான். "கால் பிசகினா எலும்பு டாக்டர்கிட்ட போகலியா?" என்றாராம் அண்ணாச்சி. ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். மாத்திரை சாப்பிட்டான். சில நாள் வேலைக்குப் போகவில்லை. இரண்டு தடவை மறுபடி குடித்தான். இப்போது குடி இல்லை. பட்டறைக்கு ஒழுங்காகப் போகிறான்.

இதைப் படிக்கிற அறைவாசிகளுக்கு

உங்கள் அறையிலும் ஒரு தம்பி ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். அது தேவதாஸ் பாட்டாக இல்லாமல் நேற்று வந்த பாட்டாக இருக்கலாம். பாட்டைக் குறை சொல்லாதீர்கள், போனைப் பிடுங்காதீர்கள். சோகத்தில் இருக்கிறவனுக்குத் தன் சோகத்தை இன்னொருவன் பாடக் கேட்பது ஆறுதல். ஆனால் சாப்பாடு குறைந்து, தூக்கம் கெட்டு, குடி கூடி, தன் சாமான்களைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினால், அது வெறும் ரசனை அல்ல. பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. கேட்காமல் விட்டால்தான் ஆபத்து.

டாக்டரிடம் போகுமுன் பேச வேண்டுமானால் மத்திய அரசின் "டெலி மானஸ்" உண்டு. எண் 14416. காசு இல்லை, ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து மறைக்கவும் வேண்டாம். 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம், உயிரை விட முயன்றவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகக் கருதி, தண்டிக்காமல் கவனிக்கச் சொல்கிறது.

தம்பி கேட்ட கேள்விக்கு வருவோம். அந்தப் பாட்டில் சொல்வது நிஜமா? பாடுகிறவனின் வலி நிஜம். அவன் சொல்லும் தீர்ப்பு நிஜமல்ல.

இதைக் கதை எழுதியவரே சொல்லியிருக்கிறார். பார்வதி வீட்டு வாசலில் தேவதாஸ் அனாதையாகச் செத்த பிறகு, கதையின் கடைசியில் சரத் சந்திரர் வாசகரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறார். அவனைப் போற்றச் சொல்லவில்லை. அவனுக்காகக் கொஞ்சம் இரங்குங்கள். சாவு எல்லாருக்கும் வரும், ஆனால் அவனைப்போல, நெற்றியில் ஓர் அன்புக் கை படாமல் யாரும் போக வேண்டாம் என்று வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறார்.

ரங்கூனில் குமாஸ்தாவாக இருந்தவர் கேட்டுக்கொண்டது அந்தக் கையைத்தான். அன்று பிளாட்பாரத்தில் அண்ணாச்சி வைத்தாரே, அந்தக் கை.

நேற்று ராத்திரியும் அறையில் கண்டசாலா பாடினார். ஒரே ஒரு தடவை. முடிந்ததும் தம்பி போனை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"நல்ல குரல் அண்ணே" என்றான்.

"ஆமா தம்பி. தூங்கு. காலையில டூட்டி."